முனியாண்டிக்கு ஓர் எர்த் கம்பி

கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் யார் வீட்டில் இடி விழுந்தாலும் அது வெறும் இடிதான். குமுதா வீட்டில் விழுந்தால் மட்டும் அது தெய்வக் குத்தம். இந்த வருஷத்தில் மூன்றாவது தடவையாக விழுந்து, டிவியும் மோடமும் கூடத்து மின்விசிறியும் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்த மறுநாள், பக்கத்து வீட்டு லெட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"குமுதா, நான் சொல்றேன்னு கோச்சிக்காத லா. நீ செய்யறது முனியாண்டிக்குப் புடிக்கல போல."

"புடிக்கலைன்னா என்கிட்டயே சொல்லுவாருக்கா. இங்கதான நிக்கிறாரு?"

அங்கேதான் நின்றார். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி டைல்ஸ் பதித்த ஒரு மேடை. அதில் கூரையைத் தாண்டி வளர்ந்த இரும்புச் சூலம். குமுதாவின் கணவன் சிவநேசன் நட்டது. துறைமுகத்துக்குக் கொன்டேனர் லோரி ஓட்டியவன், கூட்டாளியின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடந்து தன் கையாலேயே வெல்டிங் வைத்து அதைச் செய்தான். பந்திங் பக்கம் சிவநேசனின் அப்பா வேலை பார்த்த எஸ்டேட் தோட்டத்தில் இருந்த சாமி அது. தோட்டத்தை விற்றபோது ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து இங்கே வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரமானால் குளித்து, வேட்டி கட்டி, முனியாண்டிக்குச் சுருட்டுப் பற்றவைக்காமல் சிவநேசன் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், லோரியை ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பிள்ளை இல்லை. முதல் இரண்டு வெள்ளிக்கிழமை சாமிக்குச் சுருட்டு இல்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை குமுதாவுக்குப் பொறுக்கவில்லை. கொன்டேனர் யார்டில் லோரிக்காரர்களோடு மல்லுக்கட்டி டோக்கன் கொடுக்கிற பொம்பளைக்கு ஒரு சுருட்டு என்ன பெரிய வித்தையா என்று நினைத்தாள். வித்தைதான். வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றுகிறது. கண்ணில் நீர் கொட்ட இருமி, ஒருவழியாகப் பற்றவைத்து மேடையில் வைத்துவிட்டு, அன்றைக்குத்தான் புருஷன் செத்ததற்கு முழுசாக அழுதாள்.

அது சிவநேசனின் அண்ணன் முகுந்தனுக்கு ஆகவில்லை. பந்திங்கில் ஒரு கோயில் கமிட்டியில் செயலாளர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்கிற ரகம். முனியாண்டிக்குப் பொம்பளை பூசை செய்வதா, அதுவும் தாலி இழந்தவள் செய்வதா என்று துக்க வீட்டிலேயே ஆரம்பித்தவர், நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று காத்திருந்தார். மூன்றாவது இடி அவருக்குச் சறுக்கிக் கொடுத்தது.

செய்தி கேட்ட அன்றே வந்துவிட்டார். எரிந்த டிவியைக் கூடப் பார்க்கவில்லை. நேராக மேடைக்குப் போனார்.

"இனிமே சாமி இங்க இருக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம வரேன். சூலத்தப் புடுங்கி நம்ம வீட்டுக்குக் கொண்டுபோறேன். குலசாமி ஆம்பள வழிதான், தெரியும்ல?"

"இது உங்க தம்பி நட்டது மாமா."

"தம்பிதான் இல்லையே."

அந்த ஒரு சொல்லுக்கு வேறு யாராக இருந்தாலும் குமுதா செருப்பைக் கழற்றியிருப்பாள். புருஷனின் அண்ணன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் வந்தது என்னவோ உண்மை. வீடு அவள் பெயரில் இருந்தது, வேலை இருந்தது, யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து கேட்டைச் சாத்தியதும் அவள் பேசுவதற்கு இருந்தது மேடையில் நிற்கும் அந்த ஒருத்தர்தான். சூலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனால் சிவநேசனை இரண்டாவது தடவையாகத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் போனதும் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாமிக்குக் கோபம் என்றால் அது எந்த வழியாக வீட்டுக்குள் நுழைந்தது என்று தெரிய வேண்டாமா? டிவி செருகியிருந்த பிளக்கைச் சுற்றிச் சுவர் கறுத்திருந்தது. அதே பிளக்கிலிருந்து ஒரு வயர் ஜன்னல் வழியாக வெளியே போனது. கண்ணால் தொடர்ந்தாள். வயர் மேடைக்குப் போய், சூலத்தைச் சுற்றிச் சுற்றி ஏறி, உச்சி வரைக்கும் போயிருந்தது. வண்ண பல்பு மாலை. பாதி பல்புகள் உருகிச் சொட்டியிருந்தன. சிவநேசன் இருந்தபோது ஒரு ஆடிப் பூசைக்கு, சாமி ஜொலிக்க வேண்டும் என்று ஏணி போட்டு ஏறிக் கட்டியவர் வேறு யாருமில்லை, முகுந்தன்தான். பூசை முடிந்தும் யாரும் அவிழ்க்கவில்லை.

கிள்ளானிலிருந்து வயர்மேன் கிஷனை வரச் சொன்னாள். அவன் உருகிய பல்புகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, இந்த ஏரியாவுலயே ஒசரமான இரும்பு உங்க சாமிதான். இடி அவர் மேலதான் விழும். வாங்கி மண்ணுக்குள்ள விட அவருக்கு ஒழுங்கா ஒரு வழி இல்ல. நீங்க பல்பு வயர வீட்டுக்குள்ள இழுத்து, இந்தப் பக்கமா வான்னு ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க."

"சரி, என்ன செய்யணும்?"

"பல்பக் கழட்டணும். சூலத்தோட அடியில செம்புப் பட்டை கட்டி, மண்ணுல எர்த் கம்பி அடிச்சு, அத வீட்டு எர்த்தோட சேக்கணும். பியூஸ் பெட்டியில, கரண்டு எகிறினா தடுக்கிற சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு வைக்கணும். அப்பவும் இடி இடிச்சா டிவி பிளக்க உருவிடுங்க. நூத்துக்கு நூறுன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க."

"நாளைக்கே செஞ்சிரு."

கிஷன் மேடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி மேடையைப் பார்த்தான். "அதுல ஒரு பிரச்சன லா, அக்கா. பட்டை கட்டணும்னா டைல்ஸ ஒடச்சு சாமி காலடியத் தோண்டணும். நான் வயர் வேல எவ்வளவு வேணும்னாலும் செய்யறேன். அவர் காலடியில மட்டும் நான் கை வைக்க மாட்டேன். எனக்குச் சின்னப் புள்ள இருக்கு."

வேறு இரண்டு பேரைக் கேட்டாள். ஒருவன் போனையே எடுக்கவில்லை. இன்னொருவன் முனியாண்டி என்றதும் எடுத்த போனை வைத்துவிட்டான்.

சனிக்கிழமை முகுந்தன் மறுபடி வந்தார். விஷயம் அதற்குள் லெட்சுமி வாய் வழியாகப் பந்திங் போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பல்பு மாலையைக் காட்டினாள். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் கமிட்டிக்காரர் அல்லவா, சட்டென்று நிமிர்ந்துகொண்டார்.

"வயரு கியரெல்லாம் சாக்கு. சாமியவே கேட்டுருவோம். பூப் போட்டுப் பாப்போம்."

குமுதா ஒப்புக்கொண்டாள். அவளுக்குச் சாமி மேல் அவ்வளவு நம்பிக்கை. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சாமி அவளோடு இருக்க ஒப்புகிறார், சிவப்பு வந்தால் முகுந்தனோடு போகிறார். இரண்டையும் மேடையில் குலுக்கிப் போட்டு, கற்பூரம் ஏற்றி, பொதுவான ஆளாக லெட்சுமியை எடுக்கச் சொன்னார்கள். அவள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

முகுந்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். லெட்சுமி குமுதாவின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் குனிந்துகொண்டாள். "நாளைக்கு வண்டியோட வரேன்" என்று சொல்லிவிட்டு முகுந்தன் கிளம்பினார். அவர் வண்டி தெரு முனை திரும்பும் வரை குமுதா அசையவில்லை.

பிறகு அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவும் முகுந்தன் மேல் இல்லை. மேடையின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பாத்துட்டேன். உன் இஷ்டம் செவப்பு. சரி. என் இஷ்டம் வேற. ரெண்டு வருஷமா சுருட்டு வாங்கிக் குடிச்சியே, அப்ப நான் பொம்பளன்னு தெரியலையா உனக்கு? என் மேல கோவம்னா இங்கயே இருந்து கோச்சிக்க. வீட்ட விட்டுப் போற வேலையெல்லாம் வேணாம். அதான் ஒருத்தன் போய்ட்டானே, பத்தாதா?"

லெட்சுமி வேலிக்கு அப்பால் காதைப் பொத்திக்கொண்டாள்.

குமுதா பின்கட்டிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்தாள். சூலத்தின் காலடியைத் தொட்டுக் கும்பிட்டாள். கும்பிட்ட கையாலேயே முதல் டைல்ஸை உடைத்தாள். இருட்டுவதற்குள் சூலத்தின் அடி இரும்பு தெரிகிற அளவுக்குத் தோண்டியிருந்தாள். உள்ளங்கையில் கொப்புளம். இடியும் விழவில்லை, பூமியும் பிளக்கவில்லை.

காலையில் கிஷன் வந்து குழியைக் குனிந்து பார்த்தான். "யாருக்கா தோண்டுனது?"

"சாமி காலடியில நான் கை வச்சாச்சு. பாவம் முழுசும் என் கணக்கு. நீ பட்டையக் கட்டு."

அவன் ஏதோ முணுமுணுத்துக் கும்பிட்டுவிட்டுக் கட்டினான். செம்புக் கம்பிகளை மண்ணில் அடித்து இறக்கினான், வீட்டு எர்த்தோடு இணைத்தான், பியூஸ் பெட்டியில் புதுச் சாமானைப் பொருத்தினான். பல்பு மாலையைக் குமுதாவே ஏணியில் ஏறி அறுத்து எறிந்தாள்.

மூன்று மணிக்கு முகுந்தன் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் வந்தார். பின்னால் கயிறு, மண்வெட்டி. குமுதா ரிமோட்டை அழுத்தி ஆட்டோகேட்டைத் திறந்துவிட்டாள். வண்டி உள்ளே வந்ததும் கேட் தானாகச் சாத்திக்கொண்டது. இறங்கியவர் மேடையைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அடிப் பாவி! சாமி காலுக்கு வெலங்கா போட்ட?"

"தண்டைன்னு வச்சிக்கங்க மாமா. செம்புல செஞ்சது."

அவர் கயிற்றை எடுப்பதற்குள் துறைமுகப் பக்கமிருந்து வானம் கறுத்து வந்தது. முதல் உறுமல் கேட்டதுமே குமுதா உள்ளே போய் டிவி இருந்த இடத்துப் பிளக்குகளை எல்லாம் உருவினாள். "உள்ள வாங்க மாமா, சூலத்துக்கிட்ட நிக்காதீங்க" என்று கத்தினாள். அவர் வந்தார். சாமி பக்தி வேறு, உயிர் வேறு.

மழை அடித்து ஊற்றியது. இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அது விழுந்தது. கண்ணைக் குருடாக்கும் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, முகுந்தன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். கூடத்து விளக்கு ஒருமுறை சிமிட்டியது. சிமிட்டி, மறுபடி எரிந்தது. சமையலறையில் ஐஸ்பெட்டி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. புது மின்விசிறி நிற்கவே இல்லை. குமுதா சுவரைத் தடவிப் பார்த்தாள், பிளக்கை முகர்ந்து பார்த்தாள். கருகல் வாசமே இல்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொண்டாள்.

"வாங்கி மண்ணுக்குள்ள விட்டுட்டாரு பாத்தீங்களா? வீட்டுக்குக் காவல்னு சும்மாவா வச்சாரு உங்க தம்பி?"

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் முகுந்தன். குரலில் காற்று இறங்கியிருந்தது.

மழை விட்டு, உறுமலும் அடங்கியபின் வெளியே வந்தார்கள். சூலம் நின்றது. முகுந்தன் கயிற்றைப் பார்த்தார். குமுதா போய் மேடைக்கு முன்னால் நின்றாள். அவள் கடப்பாரையை எடுக்கவில்லை, கத்தவில்லை, நின்றாள், அவ்வளவுதான். அவர் கயிற்றைத் தொடாமலே வண்டியில் ஏறினார். "நாளைக்கு ஆளுங்களோட வரேன்."

"கேட்டத் தொற" என்று வண்டிக்குள் இருந்தே அதட்டினார்.

குமுதா ரிமோட்டை அழுத்தினாள். கேட் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். மோட்டார் பெட்டியிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.

முகுந்தனுக்கு வெறும் வாயை மெல்லும்போது அவல் கிடைத்துவிட்டது. வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். "பாத்தியா! பாத்தியா! சாமி வுடல பாத்தியா!"

குமுதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சாமி உங்களத்தான் வுடல, மாமா. கேட்டுக்கு மண்ணுக்குள்ள தனியா வயர் போகுது, அத நானும் கிஷனும் மறந்துட்டோம். நாளைக்கு அதுக்கும் ஒரு வழி பண்றேன். அப்புறமும் ஏதாவது எரிஞ்சா அதுக்கும் பண்ணுவேன்."

"கையால தொறக்கச் சாவி இருக்கும்ல?"

"இருக்கு." இடுப்பில் செருகியிருந்த கொத்தைத் தட்டிக் காட்டினாள். "காலடியத் தோண்டுனதுக்கு இன்னிக்குப் பூச வைக்கணும். முடிச்சிட்டுத் தொறக்கறேன்."

"இப்பத் தொற!"

"மாட்டேன்."

சுவரேறிக் குதிக்கும் வயசு இல்லை. குதித்தாலும் ஹைலக்ஸை விட்டுவிட்டுப் பந்திங் வரைக்கும் நடக்க முடியுமா? முகுந்தன் வண்டியில் சாய்ந்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

குமுதா குளித்துவிட்டு வந்தாள். உடைந்த டைல்ஸைக் கூட்டி ஒதுக்கினாள். தேங்காய் உடைத்தாள், சூலத்துக்கு எலுமிச்சம்பழம் குத்தினாள், சுருட்டைப் பற்றவைத்தாள். ஈரக் காற்றில் புகை தாழ்ந்து வண்டிப் பக்கம் போனது. முகுந்தனின் தோள் குலுங்குவதை அப்போதுதான் பார்த்தாள். தம்பி செத்த அன்றைக்குக்கூட, நாலு பேருக்கு முன்னால் முறை சொல்லிக்கொண்டு நின்றாரே தவிர, அவர் அழவில்லை.

"அவன் வாங்குற அதே சுருட்டா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"அதேதான் மாமா."

கற்பூரம் காட்டியபோது திரும்பியிருந்தார். கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. குமுதா தட்டோடு அவர் முன்னால் வந்தாள். திருநீற்றுக்கு அவர் வலது கையை நீட்டினார். அவள் கையில் போடவில்லை.

"குனிங்க" என்றாள்.

முகுந்தன் அவளைப் பார்த்தார், சூலத்தைப் பார்த்தார். கடைசியில் குனிந்தார். கொப்புளம் வெடித்த கையால் குமுதா அவர் நெற்றி நிறையப் பூசிவிட்டாள்.

"ஆடிப் பூசைக்கு வாங்க மாமா. சாமி இங்கதான் இருப்பாரு" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் போய்க் கேட்டைத் திறந்தாள்.