பாடகி பாடாத இரண்டு வரிகள்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு பொய்யில். பொய் என்னுடையது. ஆகவே கதையும் என்னுடையதுதான் என்று வாதாடலாம். ஆனால் வாதாடுகிற சுபாவம் எனக்கில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே பள்ளியை விட்டவள் நான். இப்போது சித்தியின் தையல் கடையில் பொத்தான் தைக்கிறேன். துணிமூட்டைக்கு அடியில் எட்டு நோட்டுகளை ஒளித்து வைத்திருக்கிறேன். இது ஒன்பதாவது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மாலைச் சூரியன் அரங்கத்தின் மேல் பொன்னை…"

(வேண்டாம். அரங்கத்துக்குள் தெரிந்தது மின்விசிறிதான்.)

மறுபடி. சித்திக்கு ஒரு நாட்டுப்புறப் பாடகி மேல் உயிர். தையல் மிஷின் பக்கத்தில் அவருடைய கேசட்டுகள் இருபது வருடமாக ஓடுகின்றன. ஏழு வருடத்துக்கு முன்பு, தேடி வாங்கிய ஒரு கேசட்டை முதல் தடவை போட்டபோதே, வழியனுப்பும் பாட்டில் நான்கு வரியை டேப் ரெக்கார்டர் மென்று தின்றுவிட்டது. வேறு கேசட் எங்கும் கிடைக்கவில்லை. சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரேடியோவில் கேட்டேன் என்று சொல்லி எழுதிக் கொடுத்தேன்:

போறவனே போறவனே பொத்தான் அறுந்திருக்கு
நின்னாக்கா தச்சுத் தரேன் நெஞ்சு திறந்திருக்கு

எனக்கு வந்தது இரண்டு வரிதான். சித்தி அதையே இரண்டு தடவை பாடிக்கொண்டாள்.*

* பொத்தான் என்றதுமே நீங்கள் பிடித்திருப்பீர்கள். சித்தி பிடிக்கவில்லை. பிரியம் அப்படித்தான்.

3

போன ஞாயிறு எங்கள் ஊர் அரங்கத்தில் பாட அந்தப் பாடகி நேரில் வந்தார். சித்தி மூன்று மணிக்கே கடையைச் சாத்தினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். குரல் நடுங்கியது. (இதை எழுத மனமில்லை. ஆனால் நடுங்கியது.) என் பக்கத்தில் சித்தி இருபது வயது குறைந்து உட்கார்ந்திருந்தாள்.

வழியனுப்பும் பாட்டில் எல்லோரையும் கூடப் பாடச் சொன்னார். அந்த இடம் வந்ததும் அவர் தன் வரியைப் பாட, சித்தி என் வரியைப் பாடினாள். இரண்டு மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. பாடகி நிறுத்தினார்.

"நான் இப்படிப் பாடலியேம்மா."

"பாடியிருக்கீங்கக்கா. வயசாச்சுல்ல, மறந்திருக்கும்."

அரங்கம் சிரித்தது. பாடகியும் சிரித்தார். பிறகு மேளக்காரர் பக்கம் திரும்பி, "பாடியிருக்கேனாப்பா?" என்று மெதுவாகக் கேட்டதை மைக் எல்லோருக்கும் சொல்லிவிட்டது. சிரிப்பு அடங்கியது.

சித்தி என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். "எங்க அக்கா பொண்ணு. இவதான் கேட்டு எழுதினா. சொல்லுடி."

மைக் வந்தது.

4

உண்மையைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் சித்தி கேலிப்பொருள். பொய்யைக் காப்பாற்றினால், தனக்கு ஞாபகம் போகிறது என்று நம்பிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போவார்.

முடிவு அ: கரண்ட் போகிறது. (நம்ப மாட்டீர்கள்.)

முடிவு ஆ: மயங்கி விழுகிறேன். (முயன்றேன். வரவில்லை.)

முடிவு இ: கணீரென்று பத்து நிமிடம் நான் பேச…

நடந்தது: "நீங்க மறக்கலை. அது நான் கட்டினது" என்றேன்.

பாடகி கண்ணை மூடி மூச்சு விட்டார். சித்தி என் முழங்கையை விட்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார். சித்தி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அப்புறம் அதே பார்வை என் பக்கம் வந்தது.

"ஏழு வருஷமா ரெண்டே வரியத் திருப்பித் திருப்பிப் பாடிட்டிருக்கேன். மீதி ரெண்டு எங்கடி?"

பாடகி மேளக்காரருக்குக் கண் காட்டினார். மேளம் தொடங்கியது.

5

அங்கே நான் பாடியதை இங்கே எழுத மாட்டேன். அவசரத்தில் கட்டியது, எதுகைக்காக இன்னொரு பொய்யும் சேர்ந்துவிட்டது. நீங்களே எழுதுங்கள், இடம் விட்டிருக்கிறேன். சீக்கிரம், மேளக்காரருக்குக் கை வலிக்கிறது.

…………………………………
…………………………………