ஒரு வசவுக்கு இரண்டு பேர்

1

இந்தக் கதை பழவேற்காடு பக்கம் தோணிரேவில், டீக்கடை ஒன்றில் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது தாண்டிய இரண்டு பேர், ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் ஒருவரையொருவர் ஏழு தலைமுறை வரைக்கும் திட்டிக்கொண்டார்கள். பிறகு ஒரே பீடியை மாறி மாறி இழுத்தார்கள். நான் முழிப்பதைப் பார்த்துக் கடைக்கார சாந்தி சொன்னார்: "பள்ளிக்கூடத்துலேர்ந்தே இப்டித்தான். திட்டாம இருந்தாதான் இன்னாவோ ஏதோனு பயமா இருக்கும்."

அவர்களை அப்படியே எழுத முடியாது. எனக்கு அந்தக் கடையில் இன்னும் டீ குடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் கதையை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துப் பழவேற்காட்டுக்குத் தள்ளிவிட்டேன். அங்கேயிருந்து யாரும் வந்து சட்டையைப் பிடிக்க மாட்டார்கள்.

2

ஏரியின் மேல் பொன்னிறக் கதிர்கள் படர்ந்த அந்த

(வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பையன் எவனும் கதிரைப் பார்க்க மாட்டான்.)

ஒல்லாந்தர் கோட்டைக்கு வெளியே, ஓலை வேய்ந்த பள்ளிக்கூடத்தில்* பெருமாளும் ஜானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வார்கள். பெருமாளின் நைனா கோட்டைக்கு மீன் கொடுப்பவர். ஜானின் அப்பா ஒல்லாந்துச் சிப்பாய். மகன் நடக்கப் பழகுமுன் கப்பலேறியவர், திரும்பவில்லை. அம்மா ஏரியில் கையால் இறால் தடவிப் பிழைத்தாள்.

இரண்டு பேருக்கும் வேலையே திட்டிக்கொள்வதுதான். "காஞ்ச கருவாட்டு மூஞ்சி" என்பான் ஜான். "வெந்த நண்டு" என்பான் பெருமாள், அவன் வெயிலில் சிவந்துபோவதைச் சொல்லி. மூஞ்சி, மூக்கு, நாற்றம் எதையும் சொல்லலாம். வீட்டு ஆட்களை இழுக்கக் கூடாது. யாரும் போட்ட சட்டமில்லை, இருவருக்கும் தெரியும்.

*தேட வேண்டாம், கூரை வரைக்கும் நானே கட்டியது. அந்தக் காலத்தில் 'இன்னா' என்றார்களா என்றும் கேட்காதீர்கள். இன்றைய தோணிரேவின் வாயைத்தான் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

3

ஒருநாள் சின்னதம்பி என்ற பெரிய பையன் (பெயர் அப்படி, நான் என்ன செய்ய) கேட்டான்: "இன்னாடா பெருமாளு, நீ அவனுக்கு வாலா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெருமாளுக்குக் காது சூடேறியது. "நானா வாலு? கப்பல்காரன் துன்னுட்டுப் போட்ட மிச்சம்டா இவன்" என்று ஜானைக் காட்டினான்.

சொல்லி முடிக்கும்போதே அது நல்ல வசவு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. (சொல் கச்சிதமாக விழும்போது, யார் மேல் விழுகிறது என்று பார்க்கத் தோன்றாது. எழுதுகிறவர்களுக்கும் அந்த வியாதி உண்டு.) சாயங்காலத்துக்குள் ஜானின் பெயர் 'மிச்சம்' ஆகிவிட்டது.

அந்த வாரமே பையன்கள் 'கப்பல்காரன் மிச்சம்' என்று கூவியது கோட்டைக் குமாஸ்தா காதில் விழுந்தது. கம்பெனிச் சிப்பாயையா இழிவுபடுத்துகிறார்கள் என்று அவர் முறைத்ததில், வாத்தியார் நாகப்பன் வெலவெலத்துப்போய் ஜானை எழுப்பி நிறுத்தினார்.

"பேரு வெச்சது யாரு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா கைய நீட்டு."

பிரம்பு இறங்கியது. ஜான் பெருமாள் பக்கம் திரும்பவே இல்லை. பெருமாள் மணலில் எழுதியதை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தான்.

4

ஜானை என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை நல்லவனா? ஒரு வரைவில் அவனைக் காட்டிக்கொடுக்க வைத்துப் பார்த்தேன். பெருமாள் அடி வாங்கினான், நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டான், கதையும் தூங்கிவிட்டது. ஆகவே அந்தத் 'தெரியாது' இருக்கட்டும். அது விசுவாசமா வீம்பா என்று எனக்குமே தெரியாது.

அதற்குப் பிறகு ஜான் திட்டுவதை நிறுத்திவிட்டான். பெருமாளுக்கு அதுதான் தாங்கவில்லை. ஏரியில் ஜான் இடுப்பளவுத் தண்ணீரில், இறால் போடுகிற பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு அடிச்சேற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது, பெருமாள் கட்டிய துணியோடு இறங்கினான்.

"திட்டுடா. எங்க நைனாவ வேணா இழு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஜான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பறி விழுந்துவிடும். அது அவனுக்கு ஒரு வசதி.

5

மறுநாள் சின்னதம்பி, "டேய் மிச்சம்" என்று கூப்பிட்டான். பெருமாள் எழுந்து வந்தான்.

"இன்னா?"

"உன்ன இல்லடா."

"மிச்சம்னு கூப்ட்ட. வந்துட்டேன். இன்னா வேணும்?"

அன்று முழுக்க அப்படித்தான். அடுத்தடுத்த நாளும். கூப்பிட்டவர்களுக்குச் சலித்துப்போனது, பெயர் மெல்ல நகர்ந்து பெருமாள் மேலேயே ஒட்டிக்கொண்டது. விஷயம் வீட்டுக்கும் போயிற்று.

"எவனோ மிச்சம்னு கூப்டா திரும்பறியாமே?" என்றார் நைனா.

"அது என் பேரு நைனா."

கன்னத்தில் பளீரென்று விழுந்தது. பெருமாள் நகராமல், இன்னொன்றும் உண்டா என்பதுபோல் நின்றான்.

6

ஜானைக் கப்பலேற்றி, அப்பாவைத் தேடி அனுப்பி ஒரு முடிவு எழுதினேன். கரையில் பெருமாள் கையை உயர்த்தி

(கப்பல் வந்துபோகிற ஊரைப் பற்றி எழுதுகிறவனுக்கு இது ரொம்பச் சுலபம். அடித்துவிட்டேன்.)

இருவரையும் கட்டிப்பிடித்து அழ வைத்தும் பார்த்தேன். அந்த வயதில் எவன் அழுவான்?

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு சாயங்காலம் பெருமாள் கரையோரமாகப் போகிறான். பின்னாலிருந்து ஜான், அத்தனை நாளுக்கப்புறம் வாயைத் திறக்கிறான்.

"டேய் மிச்சம். நில்லு."

பெருமாள் நின்றுவிட்டான். இன்னும் திரும்பவில்லை.

அந்தக் குரல் எப்படியிருந்தது என்று காட்டத் தமிழில் எழுத்து கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது நீங்களே ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொல்கிற விதத்தில்தான் அவன் திரும்புவான்.