கடைசி நாலு சுற்று

குழாய் மூன்றாவது தடவையாக வெடித்ததும் மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. வால்வு மூடுகிறவனை வேலையை விட்டுத் தூக்க இன்ஜினியர் ஓர் அறிக்கை தரவேண்டும், அதுவும் மதியத்துக்குள். இன்ஜினியர் அவனுடைய கூடப்பிறந்த அக்கா என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

அவளுக்கும் தம்பிமேல் இரக்கம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. பிறந்ததிலிருந்தே அவசரக்குடுக்கை. கதவைச் சாத்தினால் சுவர் அதிரும். அப்படிப்பட்டவன் கையில், மேட்டுத் தொட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஓடிவரும் தண்ணீரை நிறுத்தும் வேலையை எந்தப் புண்ணியவான் கொடுத்தானோ! ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று மறித்தால் அத்தனை வேகமும் அழுத்தமாக மாறிக் குழாயை அறையும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கணக்குப் போட்டு, ‘ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் மூடவும்’ என்று எழுதி வால்வுக்கு மேலே ஒட்டியும் இருந்தாள்.

“சத்தியமா அஞ்சு நிமிஷம் ஆகுதுக்கா,” என்றான் தம்பி.

“அப்புறம் குழாய் என்ன, பொழுதுபோகாம வெடிக்குதா?”

“நீயே நின்னு பாரேன்.”

“அதுக்குத்தானே வந்திருக்கேன். மூடு.”

வெடித்த இடத்தில் புதுக் குழாய் போட்டாகிவிட்டது. வடிகட்டியைக் கழுவ எப்படியும் இன்று தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சக்கரத்தை மொத்தம் இருபத்துநாலு சுற்று சுற்ற வேண்டும். அதிசயமாக, நிதானமாகவே சுற்றினான். பிரஷர் மீட்டரின் முள் ஆறிலேயே நின்றது. இருபது சுற்று முடிந்தபோது நாலு நிமிஷம் ஐம்பது வினாடி. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மீதி நாலு சுற்றையும் விறுவிறுவென்று சுற்றி மூடினான்.

தொம்மென்று ஒரு சத்தம். காலடியில் தரை அதிர்ந்தது. முள் பதினேழுக்குத் துள்ளி இறங்கியது. குழாய் தப்பியது அவர்கள் நல்ல நேரம்.

“அறிவிருக்காடா உனக்கு?”

“அஞ்சு நிமிஷம் அஞ்சு செகண்ட். பார்த்தியா இல்லையா?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வகை வால்வை முக்கால்வாசி மூடினாலும் தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடும். அதை உண்மையில் நிறுத்துவது கடைசிச் சுற்றுகள்தான். அவளோ ஐந்து நிமிஷமும் தண்ணீர் சீராகக் குறையும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தாள். படித்த படிப்பை எந்தக் குப்பையில் கொட்டுவது! மூன்று தடவையும் அவன் அவள் எழுதியதை அப்படியே செய்திருக்கிறான். பற்றிக்கொண்டு வந்தது, இந்தத் தடவை தன்மேலேயே.

“மெதுவா திற. மறுபடி மூடு. முதல் இருபதைச் சீக்கிரம் சுத்திக்கோ. கடைசி நாலுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம்.”

முணுமுணுத்துக்கொண்டே செய்தான். முள் ஏழைத் தாண்டவில்லை.

அறிக்கைத் தாளை விரித்தாள். ‘தவறுக்குப் பொறுப்பு’ என்ற இடத்தில் மேனேஜர் முன்கூட்டியே தம்பி பெயரை டைப் செய்து அனுப்பியிருந்தார். அதைக் கோடிட்டு அடித்துத் தன் பெயரை எழுதினாள்.

“உன் வேலை போயிடும்க்கா,” என்று தம்பி தாளின்மேல் கையை வைத்தான்.

“போகட்டும்.”

அவன் கையை எடுக்கவில்லை. “மூணு வாட்டியும் சொன்னேன்க்கா. ஒரு வாட்டிகூட நீ வந்து பார்க்கல.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“கையை எடுடா, கையெழுத்துப் போடணும்,” என்று எரிந்து விழுந்தாள்.