பழுதான அமெரிக்கன்

இறந்து கிடந்த மாமாவின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கற்பூரத் தண்ணீர் ஊற்றும்போதுதான் நளீமுக்குக் கேக் அடுப்பு ஞாபகம் வந்தது. வாளித் தண்ணீரைத் தன் சாரத்திலேயே ஊற்றிக்கொண்டான்.

"என்ன நளீம், தண்ணி எங்க போகுது?" என்றார் மையித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த பள்ளிவாசல் ஹஸரத்.

"ஒண்டுமில்ல ஹஸரத். நீங்க ஊத்துங்க."

அடுப்பு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கும். சுபஹ் தொழுதுவிட்டு வந்த கையோடு மாமாதான் அதைப் போட்டுவைத்தார். உள்ளே இருந்தது கேக் இல்லை, இறைச்சியும் இல்லை. சோற்றுக் கோப்பை அகலத்தில் ஒரு பழைய ரீல் டேப். மௌத்தாகிற நாளிலாவது ஒரு மனிதர் மற்றவர்களை நிம்மதியாக அழ விடக் கூடாதா? நளீமுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மையித்தின் முகத்தைப் பார்த்து ஆத்திரப்படுகிறோமே என்று அடுத்த நிமிஷம் பயமாகவும் இருந்தது.

நளீமின் மாமனார் சீனிமுகம்மது, நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். ஊரில் பென்சன் எடுத்தவர்கள் மாடு வளர்ப்பார்கள், வயலைக் குத்தகைக்குப் பிடிப்பார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் பள்ளிவாசல் நிர்வாகத்தோடு சண்டை பிடிப்பார்கள். இவர் ரீல் டேப் சேர்த்தார். பாட்டுக் கேட்கச் சேர்த்திருந்தாலாவது மன்னிக்கலாம். பாட்டில் அவருக்கு எந்த நாட்டமும் கிடையாது. எந்தக் கம்பனி டேப் மனிதக் குரலை உள்ளபடி பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அக்ஃபா, பாஸ்ஃப், மக்ஸெல், டிடிகே என்று அறை முழுக்கப் பெட்டிகள். கொழும்புப் பழைய சாமான் கடைகளிலிருந்து பஸ்ஸில் வரும். அறுகம்பேக்கு அலை ஏற வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குப் போய் மறக்காமல் ஒரு பெட்டி அனுப்பினான். வீட்டில் அவற்றுக்கு ஜேர்மன்காரன், ஜப்பான்காரன், அமெரிக்கன் என்று சம்பந்தி வீட்டார் மாதிரிப் பேர். சுனாமியில் கடல் வந்த வருஷம் முதல் சேமிப்பு அப்படியே போனது. தென்னை ஓலையெல்லாம் கறுப்பு நாடா தொங்கிக் கிடந்ததாம். மனிதர் அப்போதும் திருந்தவில்லை.

டேப்பை ஒப்பிட வேண்டுமென்றால் டேப்பைத் தவிர வேறெதுவும் மாறக் கூடாது. அது மாமாவின் சட்டம். ஒரே மெஷின், ஒரே அறை, ஒரே வசனம், ஒரே குரல். அந்தக் குரல் நளீமுடையது. இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குக் குடிவந்த முதல் கிழமையிலேயே அந்த வேலை அவன் தலையில் விழுந்தது. மெஷினில் சத்தத்தை அளக்கும் ஊசி ஆடுவதைப் பார்க்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்று மாமா தன் குரலை விலக்கிக்கொண்டார். சோற்றில் கைவைத்த நேரமாகப் பார்த்து, அல்லது கடையைப் பூட்டிவிட்டுச் சீமெந்துத் தூசியோடு வந்து நிற்கும் நேரமாகப் பார்த்து, "மருமகன், ஒருக்கா வாங்க" என்பார். போய் மைக்குக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்:

"சாய்ந்தமருதுச் சந்தையில சூடை மீன் சீப்பாப் போகுது, சீக்கிரம் வாங்க."

டேப்பின் இரைச்சலைச் சோதிக்கவென்று 'சா'வும் 'சூ'வும் போட்டு அவரே உண்டாக்கிய வசனம். அவன் சொல்லி முடிக்கும்வரை மூச்சைக்கூட இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். பொத்தானை அமத்தி ரீல் நின்ற பிறகுதான் "போதும்" என்பார். ஆக, அந்த அறையில் இருந்த எத்தனையோ டேப்பில் நளீம் சூடை மீன் விற்றுக்கொண்டிருந்தான். மாமாவின் இருமல்கூட ஒன்றிலும் கிடையாது.

கபன் துணி சுற்றி முன்மண்டபத்தில் கிடத்தியிருந்த நேரத்தில் கட்டாரிலிருந்து மச்சான் முஹ்ஸின் போன் எடுத்தான். மாமாவின் ஒரே மகன்.

"மச்சான், லீவுக்குக் குடுத்திட்டன். எப்பிடியும் அடக்கத்துக்கு வந்து சேர மாட்டன்."

"தெரியும் மச்சான். அழாதீங்க."

"முகத்த வீடியோவில பாத்திட்டன். குரல்தான் மச்சான்... காலைல இரிந்து நெனச்சிப் பாக்கன், வாப்பாட குரல் ஞாபகத்துக்கு வருகுதில்ல. வருகுதே இல்ல." மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "வீடு நிறைய டேப் கிடக்கு. ஒண்டிலயாவது அவர்ர குரல் இரிக்கும்தானே? அனுப்புங்க மச்சான். ஒரு சொல்லெண்டாலும் காணும்."

எப்படிச் சொல்வான் நளீம், இல்லை என்று? வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிற பழக்கமும் மாமாவுக்குக் கிடையாது. போனில் வருகிற சத்தம் சத்தமே இல்லை என்பது அவர் கட்சி. கலியாண வீடியோக்களில் அவர் வாய் அசையும், மேலே பாட்டு ஓடும். உலகத்துச் சத்தத்தையெல்லாம் தராசில் போட்டுப் பார்த்த மனிதர் தன்னுடையதில் ஒரு துண்டுகூட விட்டுப் போகவில்லை.

"பாக்கன் மச்சான்" என்று சொல்லும்போதே அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒன்று இருந்தது. ஒரே ஒன்று. அது கேக் அடுப்புக்குள் கிடந்தது.

பத்து வருஷத்துக்கு முந்திய சங்கதி. பிறவுண் பெட்டியில் வந்த அமெரிக்கன் டேப், லேபல்கூட உரிந்து போயிருந்தது. அன்றைக்குக் கடையில் ஏதோ கரைச்சல். நளீம் சாய்ந்தமருதை விட்டுக் கல்முனை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். மாமா பொத்தானை அமத்த மறந்து, ரீல் ஓட ஓட ஏச ஆரம்பித்தார். வெளியூர் மாப்பிள்ளையை இப்படி ஏசலாமா? கதவை அடித்துச் சாத்திவிட்டு மருதமுனைக்கு உம்மா வீட்டுக்குப் போனவன் ஒரு கிழமை வரவேயில்லை. மாமா அந்தப் பெட்டியில் 'பழுது' என்று எழுதி மூலையில் போட்டார். அந்த வகை டேப் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பசைபோல ஒட்டிக்கொள்ளும். பகல் முழுக்க இளஞ்சூட்டில் வைத்து, சூடு ஆறவிட்டால்தான் மெஷினில் ஓடும். இளஞ்சூட்டுக்கு மாமா கண்டுபிடித்தது நளீமின் மனைவி பஸ்னா ஓடருக்குக் கேக் சுடும் அடுப்பு. சூடு கூடாமலிருக்க அதன் கதவிடுக்கில் ஓர் அகப்பைக் காம்பைச் செருகி வைப்பார். இதற்காகப் பஸ்னாவும் வாப்பாவும் பிடித்த சண்டைகளை எழுதினால் ஒரு கிதாபு வரும்.

காலையில் நளீம் கடைக்கு இறங்கும்போதும் அந்தக் கதைதான்.

"மருமகன், அந்தப் பழுதான அமெரிக்கன அடுப்புல போட்டிருக்கன். அவன்ட ஒழுங்கான பதிவு ஒண்டு எனக்கிட்ட இல்ல. பின்னேரம் பழசுக்கு மேல மறுகாப் பதிவம். நான் உறங்கிப் போனா, அஸர் பாங்கு சொன்ன உடன எடுத்து வைங்க."

"மாமா, எனக்கு வேற வேலை இல்லையா?"

அவர் சாய்வுக் கதிரையில் சாய்ந்தார். அதற்குப் பிறகு எழும்பவில்லை. ஊரில் ஒவ்வொருவரும் கடைசி நேரத்தில் எதையெதையோ கதைத்துவிட்டுப் போகிறார்கள். இவர் அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அல்லாஹ்வே!

அடக்கம் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு என்று முடிவாகியிருந்தது. அதாவது டேப்பை எடுக்க வேண்டிய நேரத்தில் அவன் பள்ளிவாசலில் நிற்பான். மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்குச் சற்று முன் உள்ளே போய், பெண்களுக்கு நடுவில் சுருண்டு கிடந்த பஸ்னாவின் காதருகே குனிந்தான்.

"புள்ள, அஸர் சொன்ன உடன கேக் அடுப்ப ஓஃப் பண்ணு. உள்ளுக்க இரிக்கிறத எடு."

பஸ்னா வீங்கிய கண்ணோடு அவனைப் பார்த்தாள். "வாப்பாவத் தூக்கப் போறீங்க, அடுப்பப் பத்திக் கதைக்கிறீங்களா?" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பெண்கள் எல்லாரும் நளீமை ஒரு பார்வை பார்த்தார்கள். போதுமடா என்று வெளியே வந்து சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான்.

பாங்கு சொன்னபோது அவர்கள் பாதித் தெருவில் இருந்தார்கள். தோளில் மாமா, தலைக்குள் அடுப்பு. தொழுகையில் நிற்கும்போதும், மையவாடியில் மூன்று பிடி மண் போடும்போதும், இந்நேரம் உருகியிருக்கும், இந்நேரம் கருகியிருக்கும் என்றே மனம் அடித்துக்கொண்டது. துஆவுக்குக் கையேந்தி, யா அல்லாஹ், மாமாவின் கபுறைக் குளிரவை என்று கேட்டான். அடுப்பையும் என்று வாய்வரை வந்ததை விழுங்கினான்.

மண் தட்டி முடித்ததும் ஹஸரத் அவன் தோளில் கைவைத்தார். "நீங்கதானே கடைசியாக் கதைச்ச? என்ன சொன்னாரு?"

நளீமுக்குப் பொய் சொல்லத் தைரியமில்லை. உண்மையைச் சொல்லவும் வழியில்லை. "அஸர் பாங்கப் பத்தி... பாங்கு சொன்னா மறந்திடாதீங்க எண்ட மாதிரி."

"மாஷா அல்லாஹ்! தொழுகைட நெனப்போடயே போயிருக்காரு பாருங்க" என்று ஹஸரத் சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். பல பேர் கண்ணைத் துடைத்தார்கள். நளீம் செருப்பைத் தேடுகிற சாட்டில் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தான். சலாம் சொல்ல வந்தவர்களை விலக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போனால், அடுப்புக் கதவு இறுக மூடியிருந்தது. சூட்டுத் திருகு உச்சியில் நின்றது. முன்னால் பக்கத்து வீட்டு சபியா உம்மா தட்டோடு நின்றா.

"சபியாம்மா! என்ன செய்யிறீங்க?"

"என்ன செய்யிற? மௌத்து வீட்ட சமைக்கப்படாதே, எங்கட வீட்டு ரொட்டியும் கோழியும் ஆறிப் போச்சி, சூடாக்குறன். பொடியன் கட்டார்ல இரிந்து எடுத்தா, சனம் பசியில கிடக்கெண்டு சொல்லுவாங்களே!"

அவன் கதவைப் பறித்துத் திறந்தான். அனல் முகத்தில் அடித்தது. இரண்டு தட்டு ரொட்டி, ஒரு சட்டி கோழி. டேப் இல்லை.

"உள்ளுக்க ஒண்டு கிடந்திச்சே! வட்டமா! எங்க அது? ஆரு எடுத்த?"

"எனக்கென்னடா தெரியும்? நான் வரக்குள்ள அடுப்பு வெறுமனே கிடந்திச்சி."

"ஒரு வீட்டுல ஒரு சாமான வச்சிட்டு மௌத்தாகவும் ஏலாதா?" என்று நளீம் கத்தினான். கத்திய பிறகுதான் என்ன கத்தினோம் என்று அவனுக்கே உறைத்தது.

"மருமகன்." உள்ளறையிலிருந்து மாமியின் குரல்.

மைமூனா மாமி வெள்ளைச் சேலையில், கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தா. புருஷன் மௌத்தானவர்கள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், இனி நாலு மாதத்துக்கு மேலாக இந்த அறைதான் அவவுக்கு. மடியில் ஒரு தலையணை உறை விரித்திருந்தது. அதன் மேல் ரீல், ஒரு கீறல் இல்லாமல்.

"அஸர் சொல்லிச்சி. எடுத்தன்" என்றா மாமி.

"நீங்களா?"

"வேற ஆரு? அவரு ஒருநாளாவது முழிச்சிரிந்து எடுத்திருக்காரா? போட்டுட்டு உறங்கிருவாரு. எப்பவும் நான்தானே எடுக்கிற." சொல்லிவிட்டு ரீலைத் தடவிப் பார்த்தா. "இன்னும் ஆறல்ல. மஹ்ரிபுக்குப் பிறகுதான் ஓடும்."

இந்த டேப்புகளை ஒருநாள் கடலில் கொட்டுவேன் என்று கலியாணம் முடித்த நாள் தொட்டு சொல்லி வந்த மாமி! நளீம் அறை வாசலிலேயே உட்கார்ந்தான்.

பொழுது பட்டு மஹ்ரிப் தொழுத பிறகு மெஷினை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்து உள்ளறையில் வைத்தான். மாமா வைத்த கோணத்தில் நாடாவைக் கோர்க்க அவனுக்குத் தெரியவில்லை. மாமிதான் இருந்த இடத்திலிருந்து, அதுக்குக் கீழால, இப்ப இஞ்சால என்று சொல்லிக் கொடுத்தா. பஸ்னா போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தாள். கட்டாரில் முஹ்ஸின் மூச்சு விடுவது கேட்டது.

நளீம் பொத்தானை அமத்தினான். கொஞ்சம் இரைச்சல். பிறகு அவனுடைய பழைய குரல், அலுப்போடு: "கல்முனைச் சந்தையில சூடை மீன்..."

"ஐயோ மருமகன்! கல்முனையா? கல்முனையா சொன்னீங்க? 'சா' எங்க, 'சா'? அருமையான டேப் நாசமாப் போச்சே! ஒரே ஒரு வசனம், அதையும் பாடமாக்க ஏலாதா? கேளுங்க, நல்லாக் கேளுங்க. சாய்ந்தமருதுச் சந்தையில சூடை மீன் சீப்பாப் போகுது, சீக்கிரம் வாங்க!"

"ஓம் வாப்பா" என்றது போன்.

பஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. கதவு படாரென்று சாத்தப்பட்டது. நளீமின் கதவடிதான் அது. அதற்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்நேரம் அவன் மருதமுனைக்குச் சைக்கிளை மிதிக்கத் தொடங்கியிருந்தான். கதிரை ஒன்று கிறீச்சிட்டது. சாரம் உரசுகிற சத்தம். பிறகு அதே குரல், கோபமெல்லாம் இறங்கி, வாசலைப் பார்த்துக் கூப்பிட்டது:

"மருமகன்... எங்க போறீங்க? சோறு போட்டுக் கிடக்கு, தின்னிட்டுப் போங்க."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம், இன்னும் மெதுவாக: "மருமகன்."

அதோடு நாடா முடிந்து, நுனி மெஷினில் டப் டப்பென்று அடிபட்டுக்கொண்டே சுற்றியது. யாரும் எழும்பவில்லை.

"போதும் மகன், நிப்பாட்டுங்க. அவன் அங்க தனியா அழுறான்" என்றா மாமி.

நளீம் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு குனிந்து நாடாவின் நுனியைப் பிடித்தான்.

"பொறுங்க மாமி" என்றான். "இன்னும் ஒருக்கா."