நாலாவது எண்

கத்தி முனை உள்ளங்கையில் இறங்கியபோது ராஜகோபாலன், "ஆகவே பயப்படத் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியொன்றின் பாதுகாப்பு அதிகாரி அவர். போன மாதம் மீன் வெட்டும் கண்ணகியின் கட்டைவிரல் சீழ் பிடித்துப் பத்து நாள் வேலை போயிற்று. பதிவேட்டில் 'வெட்டுக்காயம்' என்று எழுதி, மீன் வெட்டும் எட்டுப் பேருக்கும் கையுறை தேடக் கிளம்பினார். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாதவர். ஆனால் அட்டவணை படிப்பார். ஒரு கையுறையின் மேல் நாலு, அஞ்சு, நாலு, ஒன்று, கடைசியில் எஃப். வெட்டுத் தாங்குவதில் எஃப்தான் உச்சம். மகள் விஷாகா எஃப் வாங்கியிருந்தால் வீட்டில் ஒரு வாரம் சோறு இறங்கியிருக்காது. இங்கே மெய்சிலிர்த்துப் போனார்.

அதே சிலிர்ப்பில் எல்லோர் முன்னாலும் மாட்டிக்கொண்டு அறுத்துக் காட்டினார். அறுபடவில்லை. கைதட்டினார்கள். கைதட்டல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. குத்தியும் காட்டினார்.

இரண்டு தையல்.

நாலாவது எண்தான் குத்துத் தாங்கும் அளவு என்பதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து படித்தார். நாலுக்கு ஒன்று. போகட்டும், தன்னைத் தானே குத்திக்கொள்ள இன்னொருவர் எங்கே கிடைப்பார்? 'கையுறை அருமை, கத்தி சற்றுக் கூர்' என்று அறிக்கை எழுதி, எட்டு ஜோடி மாதிரியைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஒரு வருடத்துக்கான ஆர்டர் போக வேண்டும்.

"எப்படி இருக்கு துரை?"

"சூப்பரா கீது சார்" என்றான் எட்டுப் பேரில் ஒருவனான துரை.

எல்லோருக்கும் சூப்பராகவே இருந்தது. வெள்ளிக்கிழமை வெட்டும் இடத்துக்கு நேரில் போனார். எட்டு ஜோடியும் முருகன் படத்தடியில் சந்தனம், குங்குமம், கதம்பத்தோடு வீற்றிருந்தன. எட்டுப் பேரும் வெறுங்கையோடு கொடுவா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கே ஏன் வெச்சீங்க?"

"சார் ரத்தம் சிந்துன பொருளு" என்றான் துரை. "மருவாதி வேணாவா?"

"என் ரத்தம் ஒரு கையுறையிலதானே?"

"மத்ததெல்லாம் அதுக்குச் சொந்தம் சார்."

கண்ணகியின் கட்டைவிரலில் மறுபடியும் துணி சுற்றியிருந்தது. கேட்டால், ஒண்ணுமில்ல என்றாள். ராஜகோபாலன் மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்து அவள் எதிரில் உட்கார்ந்தார். மீன் வாடையே அறியாத அவர் வம்சம் முழுவதும் அந்த நாற்றத்தில் நெளிந்திருக்கும்.

"கத்தி மேல தப்பில்லை கண்ணகி. நான்தான் சரியாப் படிக்கலை, அறிக்கையிலயும் பொய் எழுதிட்டேன். நீங்களாவது சொல்லுங்க. இது நல்லா இருக்கா, இல்லையா?"

"நல்லா இல்லன்னா எட்த்துனு பூடுவ. அப்பால ஒண்ணுமே வராது."

"வரும். ஆர்டர்ல என் கையெழுத்துதான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நல்லா இல்ல சார். பதினோரு வருசமா வெட்டிகினு கீறேன், கத்தி என்ன ஒருக்கா கூடத் தொட்டதில்ல. குத்துறது முள்ளு. போன மாசமும் முள்ளுதான், நீ கேக்காமயே எழுதிக்கின. இது முள்ளுக்குத் தாங்காது. அத்த நீயே குத்திக் காட்டிட்ட."