வியாழக்கிழமைக் கட்டம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். பிரியப்போகும் தம்பதிகள் பேசித் தீர்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் ஒப்பந்தம் தட்டச்சு செய்பவள் நான். நடுவில் வெறும் பலகைச் சுவர். காதைக் கழற்றி வைத்துவிட்டா வேலை பார்க்க முடியும்? (பாதியை மாற்றியிருக்கிறேன். எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.)

2

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வயதில் ஒரு மகள், செல்லப்பெயர் சுண்டு.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘தள்ளாடியபடி உள்ளே நுழைந்த அவன்…’

சே, வேண்டாம். வில்லன் கிடைத்தால் எனக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். உண்மையில் அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். தாறுமாறாகக் கிடந்த அவளுடையதையும் சேர்த்து. அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் வந்தது. அழுகையும் வந்தது. சுண்டு கையைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் மூன்று நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

3

எங்கள் மத்தியஸ்தர் அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு தாள், அதில் ஏழு கட்டம். பிள்ளை தன்னோடு இருக்க வேண்டிய நாட்களை ஒருவருக்கொருவர் காட்டாமல் குறிக்க வேண்டும். பிறகு தாளை மாற்றி, மற்றவர் எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும்.

அவள் வாசித்தாள்: “திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி, சனி, ஞாயிறு.” “எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?”

அவன் அவள் தாளை வாசித்தான். அதே ஆறு நாள்.

“வியாழக்கிழமை?” என்றார் மத்தியஸ்தர். “அன்னிக்குப் பிள்ளை யார்கிட்ட இருப்பா? என்கிட்டயா?”

அவள்தான் முதலில் வாய் திறந்தாள். “அன்னிக்கு அவரு சீக்கிரம் வந்துருவாரு. பாப்பாவும் அவரும் நீச்சலுக்குப் போவாங்க. அதைப் போய் எப்படிங்க கேக்கறது?”

“அவளுக்குக் கடை லீவே வியாழன்தாங்க,” என்றான் அவன். “பாப்பாவோட இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

4

முடிவு (அ): இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

போகவில்லை. இத்தனை பரிவு இருக்கும்போது ஏன் பிரிய வேண்டும் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்; இருவருமே தனக்கென்று குறித்திருந்த மற்ற ஆறு கட்டங்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

முடிவு (ஆ): ஒரு வியாழன் அவளுக்கு, மறு வியாழன் அவனுக்கு. மத்தியஸ்தர் சொல்லிப் பார்த்தார். ஆறு நாட்களும் ஆளுக்கு மூன்றென்று அரை மணியில் படிந்துவிட்டன. இது மட்டும் படியவில்லை.

“அவரே கூட்டிட்டுப் போகட்டும்.”

“ஐயோ, அவகூடவே இருக்கட்டுங்க.”

இப்படியொரு சண்டையை இந்தச் சுவர் கேட்டதேயில்லை.

5

பிறகு அவள் மெல்லக் கேட்டாள். “நீச்சல் முடிஞ்சு எத்தனை மணிக்கு வெளிய வருவீங்க?”

“அஞ்சு மணிக்கு.”

“நான் துண்டு எடுத்துட்டு வாசல்ல நிக்கட்டுமா?”

அதற்கு மேல் சத்தமே இல்லை. மௌனத்தை ஒட்டுக்கேட்க எனக்குத் தெரியாது. மத்தியஸ்தர் வெளியே வந்து தாளை என் மேசையில் வைத்தார். “ஆறு நாளை டைப் அடிச்சிடும்மா. அந்த ஒண்ணை அப்படியே விடு, இன்னும் முடிவாகலை.”

ஆறையும் அடித்துவிட்டேன். ஏழாவது கட்டத்தில் கர்சர் விட்டு விட்டு மின்னுகிறது. அவன் என்ன சொல்லியிருப்பான்? நீங்களே சொல்லுங்கள், அடித்துவிடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம். இன்றைக்குப் புதன்கிழமை.