கஜந்தி பார்த்து எடுத்த அம்புக்கூடு

மூன்றாவது அம்புக்கூட்டையும் சுவர்க் கொக்கியிலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "உங்கள் கணவர் எதை வேட்டையாடப் போகிறார்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். கஜந்தி மேசையில் கிடந்த மூன்றையும் பார்த்தாள். மூன்று வாரமாகக் கட்டிலை விட்டு எழும்பாத மனிதர் எதை வேட்டையாடுவார்? காலையில் வந்த தாதி, வாசலில் நின்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "இன்றைக்கு, அல்லது நாளைக்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதை இந்தப் பெண்ணிடம் டொச் மொழியில் சொன்னால் கடைக்குள் நின்று அழவேண்டி வரும்.

"மான். ஹங்கேரியில்," என்றாள்.

அது பொய்யும் இல்லை. ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. அதனால் அவள் கணவர் சிவகுருநாதன் ஏழு வருஷமாகச் சனிக்கிழமைகளில் காட்டுக்குப் போய், மரங்களுக்கு நடுவில் நிறுத்தியிருக்கும் ரப்பர் மான்களையும் ரப்பர் பன்றிகளையும்தான் எய்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அண்டா தூக்கித் தூக்கி முதுகு பிடித்தபோது, மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சிக்கென்று கையில் வில்லைக் கொடுத்தார்கள். முதுகு சரியாகி வந்தது. வில் கையை விட்டுப் போகவில்லை. கூட்டாளி உவேயோடு இந்தச் செப்டம்பரில் ஹங்கேரிக்குப் போய் உண்மையான மானை எய்வதென்று பரீட்சைகூட எழுதிப் பாஸ் பண்ணியிருந்தார். வில் தயார், அம்பு தயார். அம்புக்கூடுதான் முடிவாகவில்லை. முதுகில் தொங்குவதா, இடுப்பில் கட்டுவதா, வில்லோடேயே பூட்டுவதா என்று மூன்று வருஷமாக போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றில் அம்புகளைச் செருகிக்கொண்டு போனார்.

"என்னைக் கட்டுறதுக்கு ஒரே ஒரு படம் போதுமா இருந்தது. உதுக்கு மூண்டு வருசமோ?" என்று கஜந்தி கேட்பாள்.

"நீர் பிழைச்சாலும் நான் சமாளிப்பன். உது பிழைச்சா மான் ஓடிடும்," என்பார் அவர்.

மானுக்கு முன்னமே நோய் வந்துவிட்டது. நுரையீரலில் தொடங்கித் தோள் எலும்புக்கு ஏறியது. வியாழக்கிழமை மத்தியானம் போனைக் கையில் பிடிக்க முடியாமல் மார்பில் போட்டுவிட்டு, "கஜந்தி, உந்த அம்புக்கூட்டை நீரே பாத்து எடும். நீர் எடுத்தாச் சரி," என்றார். அதற்குப் பிறகு முழுதாக ஒரு வசனம் அவர் வாயிலிருந்து வரவில்லை.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நோவை நிற்பாட்டச் சொல்லிக் கேட்டார், முடியவில்லை. மூச்சு முட்டுகிறது என்றார், அவளால் என்ன செய்ய முடியும்? யன்னலைத் திறந்தாள். இந்த ஆறு மாதத்தில் அவர் கேட்டதில் அவளால் செய்யக்கூடியதாக இருந்தது இது ஒன்றுதான். அதையாவது பிழைவிடாமல் செய்துவிட வேண்டும்.

காலையில் கைப்பையை எடுத்தபோது மகன் வினோஜன் குறுக்கே வந்து நின்றான்.

"அம்மா, உங்களுக்கு விசரோ? அப்பா இப்பிடிக் கிடக்கேக்க கடைக்கோ?"

"நீ பக்கத்திலை இரு. ரெண்டு மணித்தியாலத்திலை வந்திடுவன்."

"நான் ஓடர் போடுறன். செவ்வாய்க்கிழமை வீட்டை வந்திடும்."

"செவ்வாய்க்கிழமை வந்து?"

வினோஜன் வழியை விட்டான்.

கடை கார்ல்ஸ்ரூஹே நகரின் மறு அந்தத்தில், டயர் விற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. ட்ராமில் நாற்பது நிமிடம். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். கஜந்தி போய்ச் சேரும்போது பன்னிரண்டரை.

கடைக்காரப் பெண் பொறுமைசாலி. முதுகில் தொங்குவதைத்தான் கஜந்திக்கு முதலில் பிடித்தது. நல்ல தடித்த தோல், கலண்டரில் ராமர் போட்டிருப்பதைப் போலவே இருந்தது. ஆனால் அதில் அம்புகள் ஒன்றோடொன்று தட்டுப்படும், மான் சத்தத்தைக் கேட்டுவிடும், அதோடு ஒவ்வொரு அம்புக்கும் கையைத் தோளுக்கு மேலே உயர்த்த வேண்டும் என்றாள் அந்தப் பெண். கஜந்தி அதை அப்படியே தள்ளி வைத்தாள். அவருக்குக் கை உயராததால், புதன்கிழமை ஷேர்ட்டை முதுகுப் பக்கமாகக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் போட்டுவிட்டிருந்தாள்.

வில்லில் பூட்டுவது நல்லதுதான், கூரான முனைகளுக்கு மூடி இருக்கிறது, ஆனால் வில் பாரமாகிவிடும். அதையும் தள்ளினாள். தேத்தண்ணிக் கோப்பையே பாரமாக இருக்கிற மனிதர்.

"தோளில் ஏதாவது பிரச்சினையா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கொஞ்சம் நோவு."

"அப்படியானால் இடுப்பில் கட்டுவது. கையைத் தொங்கவிட்டால் அம்பு கையிலேயே இருக்கும்."

கபில நிறத் தோல். உள்ளே ஆட்டுமயிர் வைத்துத் தைத்திருந்ததால் அம்பு சத்தம் போடாது. கஜந்தி விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள், இளஞ்சூடாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேள்விகளுக்கு விடை இருக்கிற ஓரிடத்தில் நிற்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. இது வேண்டாம், இது வேண்டாம், ஆகவே இது. வைத்தியர்கள் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நேரம் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

"வலக்கைக்காரரா, இடக்கைக்காரரா?"

இதென்ன கேள்வி என்று கஜந்திக்குச் சிரிப்பு வந்தது. "வலது."

"நிச்சயமாகவா? தைப்பு ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும். மாற்றிக் கட்டினால் வாய் பின்னுக்குச் சரிந்து அம்பு விழுந்துவிடும்."

"இருபத்தெட்டு வருஷம் அவர் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்," என்றாள் கஜந்தி.

சாப்பாட்டுக்கும் வில்லுக்கும் என்ன தொடர்பென்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு, வலப்பக்கத்து அம்புக்கூட்டைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. வரவேற்பறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உவே இருந்தார். பெரிய உடம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் சின்னக் கதிரையின் நுனியில் குந்தியிருந்தார். சிவகுருநாதனின் கண் பாதி திறந்திருந்தது. மூச்சு, வந்து, நின்று, பிறகு யோசித்து வந்தது.

"இஞ்சாருங்கோ, எடுத்துக்கொண்டு வந்திட்டன். பாருங்கோ."

கடதாசியைக் கிழித்து, அம்புக்கூட்டை அவருடைய வலது இடுப்போடு அணைத்துப் போர்வையின் மேல் வைத்தாள். வார் எங்கே வரும், உள்ளே ஆட்டுமயிர் எதற்கு என்று கடையில் கேட்டதையெல்லாம் மளமளவென்று சொன்னாள். அவருடைய இடது கை மெல்ல அசைந்தது. வயிற்றுக்குக் குறுக்கே ஊர்ந்து வந்து, பாதியில் நின்று, விழுந்தது. திரும்பவும் கிளம்பித் திரும்பவும் விழுந்தது.

"தண்ணி கேக்கிறார் போல," என்றாள் கஜந்தி.

உவே அம்புக்கூட்டைப் பார்த்தார், கூட்டாளியின் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். கஜந்தி வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன? பிழையானதா?"

"நல்ல சாமான்," என்றார் உவே. "மிகவும் நல்லது. ஆனால் அவன் இடக்கையால் எய்கிறவன்."

"இல்லை. அவர் வலக்கைக்காரர்."

உவே தடுமாறித் தடுமாறிச் சொன்னார். சின்ன வயதில் இடக்கைதானாம். பள்ளிக்கூடத்தில் அடிமட்டக் கோலால் மணிக்கட்டில் அடித்து, வீட்டில் சோற்றுக் கோப்பையை இழுத்துப் பறித்து, மாற்றிவிட்டார்களாம். மறுவாழ்வு நிலையத்தில் முதல்நாள் எய்த அம்பெல்லாம் புல்லுக்குள் போக, பயிற்சிக்காரர் வில்லை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இடக்கையால் நாணை இழுத்து விட்ட முதல் அம்பே இலக்குப் பலகையில் ஏறியதாம்.

"புல்லில் குந்தியிருந்து அழுதான். அவனுக்கு அடுத்ததாகப் பயிற்சிக்கு நின்றவன் நான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைக்குட்டையைக் கொடுத்தேன்," என்றார் உவே.

கஜந்திக்கு அந்த நாள் நினைவிருந்தது. பின்னேரம் போனில் அவர், "இண்டைக்கு ஒரு அம்பு பட்டதப்பா," என்று தொடங்க, "சரி, மருந்து போட்டனீங்களோ?" என்று கேட்டு அவள் கதையை முடித்துவைத்திருந்தாள். ஏழு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட அந்தக் காட்டுக்கு அவள் போனதில்லை. ரப்பர் மான் பார்க்க யாராவது பஸ் ஏறுவார்களா என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவள் கடைக்கு போன் எடுத்தாள். பதிவு செய்த குரல், செவ்வாய் பத்து மணிக்குத் திறக்கும் என்றது. வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். நாலாம் தரம் எடுத்தபோது வினோஜன் போனை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினான்.

"விடுங்கோ அம்மா."

"மாத்தித் தருவினம். நான் கேட்டா மாத்தித் தருவினம்."

"ஓம். தருவினம்."

அவள் கட்டிலருகே குனிந்தாள். "ஏனப்பா எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் பாத்து எடுத்திருப்பனே."

சிவகுருநாதனின் உதடு அசைந்தது. அவள் காதைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"நல்ல வடிவு," என்றார் அவர்.

"பொய் சொல்லாதேங்கோ." கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. "இப்பவும் எனக்காண்டிப் பொய் சொல்லாதேங்கோ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து தொங்கியது. கட்டில் கொண்டு வந்தவர்கள் அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் போட்டிருந்தார்கள். மூன்று வாரமாக அவள் பருக்கியதும் துடைத்ததும் வலப்பக்கத்தில் நின்றுதான், நித்திரையில்லாமல் பிடித்துக்கொண்டிருந்ததும் வலது கையைத்தான்.

"கட்டிலை இழு," என்றாள் மகனிடம்.

"என்னத்துக்கம்மா? ஒக்சிஜன் குழாய் அவ்வளவு தூரம் காணாது."

"இழுக்கச் சொல்லுறனெல்லே!"

உவே எழும்பிக் கட்டிலின் சக்கரச் சில்லுகளின் பூட்டைக் காலால் தட்டினார். இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். ஒரு சாண் நகர்ந்தது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, அதற்கு மேல் குழாய் இழுபட்டது. கஜந்தி வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டாக உள்ளே போனாள். முதுகு சுவரிலும் முழங்கால் கட்டில் சட்டத்திலும் இடித்தன. தொங்கிய கையைத் தூக்கித் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்தாள்.

சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல். மூன்றின் நுனியிலும் தோல் தடித்துக் காய்த்திருந்தது. நோயில் கை மெலிந்து பஞ்சாகிவிட்டாலும் அந்த மூன்று இடமும் இன்னும் கெட்டியாகவே இருந்தன.

"கையுறை போடு என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்," என்றார் உவே. "நாணை விரலால் தொட்டு இழுக்க வேண்டும் என்பான்."

அவள் பெருவிரலால் அந்தக் காய்ப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். கொஞ்ச நேரம் அந்த விரல்கள் மடிந்து அவளுடைய விரலைப் பிடித்தன. பிடித்தனவா, தானாக மடிந்தனவா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வெளியே பக்கத்து வீட்டுக்காரர் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் கேட்டது. மூச்சு ஒன்று வந்தது. அடுத்ததற்காக மூவரும் பார்த்திருந்தார்கள். உவே தன் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு வினோஜனைப் பார்த்தார். வினோஜன் தாயைப் பார்த்தான்.

நாலு மணிக்குச் சற்று முன்னம் அது.

வைத்தியர் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. இளம் பெண், கையில் படிவங்கள். தாழ்ந்த குரலில் அனுதாபம் சொல்லிவிட்டு, உடலை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வரமுடியுமா என்று கேட்டாள்.

"அம்மா, வெளியிலை வாங்கோ," என்றான் வினோஜன். "டொக்டர் பாக்கவேணுமாம்."

"ஓம், வாறன்."

அவள் அசையவில்லை. உள்ளே போன வழியால் திரும்ப முடியாதபடி கால் மரத்துப்போயிருந்தது. கட்டிலை இன்னும் கொஞ்சம் இழுத்தால் வரலாம். உவே சில்லின் பூட்டைத் தட்டிவிட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் கட்டிலை இழுப்பதென்றால் முதலில் அவள் அந்தக் கையைக் கீழே வைக்க வேண்டும்.

"அம்மா."

"வாறன் தம்பி," என்று சொல்லிவிட்டு, கஜந்தி சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒடுங்கி நின்றாள்.